என் கிணற்றில் சுடுதண்ணீர் இல்லை

நெடுங்கேணி
12.08.1994

அன்பும் பண்பும் நிறைந்த மருமகன் சிவராசா அவர்களுக்கு, மாமன் வீரகத்தி சொல்லச் சொல்ல ராஜரத்தினத்தார் எழுதுவது. இங்கே நானும் மாமியும் சுகம். உங்கள் சுகமும் மகள் கௌசலாவின் சுகமும் அறிய ஆவல். சுகம் கேட்டாயிற்று. இனி வழக்கு.

நான் கேட்டது ஒரே கேள்வி. கிணறு வெட்டுகையில் இருபது முழத்தில் வெள்ளைக் கல்பட்டை ஒன்று குறுக்கே வந்தது, அதற்குள் ஆறு பட்டையோடு பென்சில் மாதிரி ஒரு பச்சைக் கல், மேல்பாதி மாவாய் உதிருது, கீழே தண்ணீர் இருக்கா இல்லையா? கல்லையும் துணியில் சுற்றி அனுப்பினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல்லுப் படிப்பிக்கிற நீங்கள் மூன்று பக்கம் எழுதினீர்கள். அது பெரிலாம், உள்ளே பெரிலியமாம், பாறை இறுகிய பிறகு ஆழத்துச் சுடுதண்ணீர் வெடிப்பு வழியே ஏறி அதைத் தின்றதாம், தின்ற இடத்தில் காக்காப்பொன்னும் வெள்ளைக் களியும் பிறந்ததாம், வெளி உருவம் மட்டும் பழையபடியாம். நல்லது. தண்ணீர் இருக்கா? மூன்று பக்கத்திலும் அது இல்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது, ராஜரத்தினத்தார் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சத்தம்போட்டுத்தான் வாசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியாதா? "சுடுதண்ணீர்" என்றதும் சனம் எழும்பிவிட்டது. "கோடி வருசத்துக்கு முந்தி" என்று அவர் வாசிக்கையில் கேட்க ஒருத்தரும் இல்லை. சண்டையால் திருகோணமலைப் பாதை பூட்டி நாலு வருசம், அங்கே கன்னியா வெந்நீர்க் கிணற்றில் செத்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய முடியாமல் எத்தனை வீட்டுச் சாவு காத்துக் கிடக்குது! விடிய என் குழியடியில் தர்ப்பையும் செம்புமாக ஏழு குடும்பம். முன்னுக்கு அமராவதி, புருசனின் படத்தோடு.

"அண்ணை, ஒரு வாளி போதும்."

"பிள்ளை, உள்ளுக்குப் புழுதிதான் கிடக்கு."

"புழுதி சுடுதோ எண்டு பாருங்கோவன்."

குழி வெட்டிய இரண்டு பேரும் மண் அள்ளுகிற கடகத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள், அந்தியேட்டிக் கிணற்றை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாதாம். மாமியோ இன்னும் பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து குடம் சுமக்கிறா. மாரிக்கு முன் முடிக்காவிட்டால் குழி இடிந்து தூர்ந்துபோகும்.

நான் விடமாட்டன். அறுபத்தெட்டு வயதில் தனியாக இறங்கி அலவாங்குக் கம்பியால் குத்திறன். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்தியே இந்த மண்ணை எனக்குத் தெரியும், ஒரு சொட்டுச் சுடுதண்ணி இதற்குள் இல்லை, இருந்ததும் இல்லை. கல்லைச் சுடுதண்ணீர் மாற்றியதோ தெரியாது, உங்களைப் பேராதனைத் தண்ணீர் மாற்றிப்போட்டுது. உருவம் அதே சிவராசா, உள்ளுக்கு வேற ஆள். "மாமாவின் கிணற்றில் சூடு கிடையாது" என்று பெரிய எழுத்தில் உடனே எழுதி அனுப்புங்கோ.

உங்கள் இருவருக்கும் நாகதம்பிரான் துணை. கோபம் முழுக்கக் கல்லோடு, உங்களோடு பாதிதான்.

இப்படிக்கு,
வீரகத்தி (பெருவிரல் அடையாளம்)

பி.கு: தபால் போகாமல் இது ஒன்பது நாள் கிடந்தது. அதற்குள் அந்த உதிர்ந்த கல் நின்ற வெடிப்பில் அலவாங்கு இறங்கித் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் சுடுதண்ணீர் ஏறிய வழிதான், அவ்வளவில் நீங்கள் சரி. பல் கூசுகிற குளிர். முதல் வாளியைத் தொடப் பயந்து அமராவதி, "அண்ணை, சுடுதோ?" எண்டு கேட்டா. கையை விட்டுப் பார்த்தன். "ஓம் பிள்ளை, சுடுது" எண்டனான். இரண்டாம் வாளி என் ஆத்தைக்கு. அவா செத்து மூன்று வருசம், அந்தியேட்டி இன்னும் செய்யேல்லை. ஆகையால் மேலே எழுதினதை விடுங்கோ. தண்ணீர் சூடு என்றே பதில் எழுதுங்கோ. ராஜரத்தினத்தார் அதையும் சங்கக்கடை வாசலில்தான் வாசிப்பார்.