மாவுச்சத்தைத் துறந்த மாமனாரின் மதிப்புரை

அன்பும் அடக்கமும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் இறைவனை வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் நலம். என் அளவில் அந்த நலம் சற்றே இளைத்திருக்கிறது. இளைப்பதே நலம் என்று நீங்கள் அனுப்பிய உணவுத்திட்டம் கூறுவதால் இதில் முரண் ஏதும் இல்லை. அங்கே நீங்களும் என் மகளும் அவ்வாறே இளைத்து இன்புற்றிருக்க வேண்டுகிறேன்.

"மாமா, கடைப்பிடிச்சுப் பாத்துட்டு ஒளிவுமறைவு இல்லாம எழுதுங்க" என்று தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். மதிப்புரைக்கு முகவுரை வேண்டும். வழிபாட்டு மன்றத்தில் நூல் வாசித்து விளக்கம் சொல்பவர் அமரும் கைவைத்த மர நாற்காலியை அறிவீர்கள். மன்றத்தை நிறுவியவர் தந்தது. அதை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதே அங்கு பாவம். சென்ற வாசிப்புத் தொடரின் நிறைவு நாளில், உரைநூல்கள் நிறைந்த என் தோள்பை வழக்கம்போல் இடுப்போடு அணைந்திருக்க, விளக்கத்தை முடித்துக் கைகூப்பி எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. அவையும் எழுந்தது, மரியாதைக்காக என்று எண்ணினேன். ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து இழுத்தபடி, "ஐயா, மூச்சை உள்ள இழுங்க... இன்னும்... இன்னும்... அட, விட்டுட்டீங்களே!" என்று சொன்னது அனைத்தும் ஒலிபெருக்கி வழியே தெருமுனை வரை போயிற்று. மறுநாள் மன்றத் தலைவர் வீட்டுக்கே வந்து, "அடுத்த தொடரைக் கணீர் வாசிக்கட்டுமே. நீங்க கீழ பெஞ்சுல ஹாயா உக்காந்து கேக்கலாமே" என்றார். கணீர் என்று எல்லாரும் அழைக்கும் அந்த நண்பருக்குக் குரல் உண்டு, பொருள் தெரியாது. பிரிக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பார், சேர்க்க வேண்டிய இடத்தில் பிரிப்பார். அவர் வாயில் அகப்பட்டு இறைவன் படும் பாட்டை நான் பெஞ்சில் இருந்து கேட்பதா? "தொடருக்கு முன்னால் ஒருமுறை அமர்ந்து எழுந்து காட்டுகிறேன். நாற்காலி தரையிலேயே நின்றால் வாசிப்பு எனக்கு" என்று வாக்களித்துவிட்டேன். அந்த வாக்கைக் காக்கவே உங்கள் திட்டத்தைச் சரணடைந்தேன்.

முதல்நூலுக்குரிய சுருக்கம் உங்கள் திட்டத்துக்கு உண்டு. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு ஆகியவை விலக்கு; கீரை, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பாதாம் ஆகியவை விதி. பூக்கோசை, அதாவது காலிஃப்ளவரை, துருவி ஆவியில் வேகவைத்தால் அதுவே சோறு. இந்தக் கடைசி வரியில் ஆசிரியர் சொல்லாமல் விட்ட துயரம் பெரிது. முதல் நாள் ஒரு வாய் வைத்தேன். நனைந்த செய்தித்தாளை மெல்வது போலிருந்தது. "என்னங்க, முகம் அப்படிப் போகுது?" என்றாள் உங்கள் அத்தை. துறவு என்றேன். "துறவுன்னா இப்படியா மூக்கு சுருங்கும்?" என்றாள். ஆயினும் மறுநாளே ஓர் அற்புதம் நிகழ்ந்தது. உண்ணும்போது எதிரே நூலை விரித்து, கண்ணை அதில் பதித்தே உண்பவன் நான். கீரையும் வெண்ணெயும் பிசைந்து வந்த பூக்கோசு நாவுக்கு அசல் சோறாகவே தோன்றிற்று! இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன். மனம் பக்குவப்பட்டால் சுவைகளெல்லாம் ஒன்றாகிவிடும் என்று உங்கள் அத்தைக்கு விளக்கினேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கிற்று. உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

இனித் துன்பங்கள். திட்டம் முன்னறிவித்தபடியே தலைவலி வந்தது, நா வறண்டது, முழங்கால் நடுங்கிற்று. உடம்பு வேறு, நான் வேறு என்பதை இதுவரை விளக்கி வந்தேன். இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் அனுபவித்தேன். அதைவிடக் கொடுமை, நம் செய்யுள் மரபு முழுவதும் மாவும் சர்க்கரையுமாக இருக்கிறது மாப்பிள்ளை! இறைவன் தேன் என்கிறார்கள், கரும்பு என்கிறார்கள், கனி என்கிறார்கள், கனியைப் பிழிந்த சாறு என்கிறார்கள். ஒருவராவது, வேண்டாம், ஒரே ஒருவராவது, இறைவனைப் பாலாடைக்கட்டி என்று சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது கரும்பு வரும் இடத்தில் எச்சில் ஊறி எழுத்து மறைகிறது. மனுஷன் எப்படிங்க வாசிக்கிறது? ஒரு நாள் என்னை அறியாமல் "வெண்ணெயில் வதக்கிய கீரையே, விரவிய பாதாமே" என்று பாடிவிட்டேன். "மோனையெல்லாம் இருக்கு, பக்திதான் இல்ல" என்றாள் உங்கள் அத்தை.

ஆனால் பலனைக் கேளுங்கள். தொடக்க நாளில் மருந்துக்கடை எடைமேடையில் ஏறியபோது கடைக்காரர் எண்ணைச் சொல்லாமல், "ஐயா, கொஞ்சம் இறங்கிக்கோங்க, மிஷின் பழசு" என்றார். நேற்று முழங்கால் நடுங்கியதால் தோள்பையை உங்கள் அத்தையிடம் தந்துவிட்டு ஏறினேன். "ஒரு சிறு குழந்தையோட எடை அளவு குறைஞ்சிருக்கீங்களே!" என்று கடைக்காரர் வியந்தார். அங்கிருந்து நேரே மன்றம். தலைவர், கணீர், ஒலிபெருக்கிக்காரர் மூவர் முன்னிலையில் அமர்ந்தேன். எழுந்தேன். நாற்காலி அசையவில்லை! பக்கவாட்டில் ஓர் ஆள் கையை நுழைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. வாசிப்பு எனக்கே. தலைவரும் கணீரும் இரகசியம் கேட்டார்கள். மறைப்பது அறமன்று என்பதால் உரையோடு எடுத்துரைத்தேன். இருவரும் இன்று முதல் பூக்கோசு.

ஆகவே என் முடிபு: இத்திட்டம் மெய்யானது, கடினமானது, பலன் தருவது, ஐயமின்றி எவர்க்கும் பரிந்துரைக்கலாம். உங்கள் இல்லத்தில் நோய் அணுகாதிருக்கவும், சொல் இனிக்கவும், அதற்குச் சர்க்கரை தேவைப்படாதிருக்கவும் இறைவன் அருள்க.

இப்படிக்கு,
இளைத்த உடலும் நிறைந்த மனமுமாய்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். பூக்கோசு அற்புதத்தை எட்டும்போது அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டாம் நாள்லேருந்து அது அரிசிங்க. அசல் அரிசி. மொத நாள் நீங்க பிடிச்ச மூஞ்சியை என்னால தினமும் பாக்க முடியாது" என்கிறாள். அப்படியானால் எடை குறைந்ததே என்றேன். "மொத தடவை எடை பாக்கறப்போ பையோட ஏறினீங்க, நேத்து பை என்கிட்ட இருந்துச்சு. நாற்காலியில சிக்கினதும் அந்தப் பைதான்" என்கிறாள். சான்றின்றி எதையும் ஏற்கலாகாது என்பதால், பையை மாட்டிக்கொண்டு கூடத்துக் கைவைத்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். மேற்கண்ட முடிபை அருள்கூர்ந்து கிழித்துவிடவும். கணீரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். தொடர் முடியட்டும், பூக்கோசில் அவர் குரலும் சற்று அடங்கட்டும். இந்தப் பின்குறிப்பை நின்றுகொண்டே எழுதுகிறேன். நாற்காலியும் உடன் நிற்கிறது. உருவிவிடு என்றால், சிரிப்பு அடங்கட்டும் என்கிறாள் உங்கள் அத்தை. இப்போது உள்ளிருந்து அழைக்கிறாள்: "நாற்காலியோடயே வாங்க, காலிஃப்ளவர் ஆறிப்போகுது!"

போகிறேன்.