மரக்கறிச் சந்தை வரைக்கும் ஒரு நீச்சல்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு தெருவில் திரியும் மான் கண்ணில் படாது. வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "அங்கை பார், மான்" என்று போனைத் தூக்குவார்கள். நாங்கள் அதே மானை விலத்திக்கொண்டு பாண் வாங்கப் போவோம். எங்களுக்கு அது கொம்பு வைத்த ஆடு, அவ்வளவுதான். இந்த அலட்சியத்துக்காக ஊரில் வேறு எவரும் தண்டனை அனுபவித்ததாகக் கேள்விப்படவில்லை. நான் அனுபவித்தேன், அதுவும் மட்டக்களப்பில் இருந்து வந்த ஒரு பெரிய மனிதர் முன்னால்.

அப்போது எனக்குப் படிப்பு முடிந்திருந்தது, வேலை கிடைத்திருக்கவில்லை, தலைக்கனம் மட்டும் தாராளமாக இருந்தது. (வேலையில்லாதவனுக்குத்தான் அது அதிகம் என்பது அம்மாவின் கருத்து.) நானும் கிண்ணியாவைச் சேர்ந்த நண்பன் ரியாஸும் சேர்ந்து நீச்சல்காரருக்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். தீப்பெட்டி அளவுதான். அதை ஒரு ரப்பர் பட்டியில் கோத்து, பின்னந்தலையில், நீச்சல் தொப்பிக்கு அடியில் கட்ட வேண்டும். தண்ணீருக்குள் சிக்னல் போகாது, தலைதான் அடிக்கடி வெளியே வரும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆள் எங்கே நீந்துகிறார், என்ன வேகம், எப்படி மூச்செடுக்கிறார் எல்லாம் கரையில் நிற்பவரின் போனில் தெரியும். கூடவே பாராட்டும் புத்திமதியும் சொல்லும். அந்த வாசகங்களை எழுதியவன் நான். குரல் கொடுத்தவனும் நானே.

அப்பாவுக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. லிங்கநகர் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"சனிக்கிழமை அந்த மட்டக்களப்பு நீச்சல் கோச் வந்து பாத்து, இதைத் தன்ரை அணிக்கு எடுக்கிறன் எண்டு சொன்னால் நீ இதையே செய். இல்லாட்டித் திங்கட்கிழமை மாமாவின்ரை ஹாட்வெயார் கடையிலை போய் நிக்கிறாய். வேறை கதை இல்லை."

"ஓம்" என்றேன். மாமாவின் கடையில் நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய் வெட்டிக் கொடுக்க வேண்டும். அதோடு மாமாவின் பேச்சையும் கேட்க வேண்டும். குழாயையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

நீந்திக் காட்டச் சித்தியின் மகள் தர்ஷினி ஒத்துக்கொண்டாள். கடலில் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் கரைக்கு வருகிறவள். பட்டிக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் துணியில் உறை தைத்துத் தந்தவர் சித்தி.

"அண்ணா, இது சரியா இறுக்குது. தலை விறைக்குது" என்றாள் தர்ஷினி, டச்பே கடற்கரையில், சனிக்கிழமை காலை.

"வீராங்கனை எண்டால் கொஞ்சம் தாங்கத்தான் வேணும்" என்று தொடங்கி ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். (நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டால் திரும்பிவிடுகிறவன்.) அவளோ, நான் கோச்சை வரவேற்கப் போன நேரத்தில் பட்டியைக் கழற்றி, ரியாஸின் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய வாழைப்பழப் பைக்குள் போட்டுவிட்டு, தொப்பியை மட்டும் மாட்டிக்கொண்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வீராங்கனைக்குச் சத்து வேண்டும் என்று அந்தப் பழத்தை வாங்கியவனும் நான்தான்.

கோச் தேவநாயகம் அதிகம் பேசாத மனிதர். கழுத்தில் பழைய காலத்து நிறுத்தற்கடிகாரம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ரியாஸ் விசில் ஊத, தர்ஷினி கடலில் பாய்ந்தாள். நான் போனைக் கோச்சின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்கை ஒரு மான் கொம்பிலை ஏதோ கொழுவிக்கொண்டு போகுது."

"அது எப்பவும் போறதுதான் சேர். நீங்கள் இஞ்சை திரையைப் பாருங்கோ."

பாவம், பார்த்தார். திரையில் தர்ஷினியைக் குறிக்கும் பச்சைப் புள்ளி கரையோரமாக ஊர்ந்தது. "நீரோட்டம் இழுக்குது சேர்" என்றேன். புள்ளி மணலில் ஏறியது. "சற்லைற் கொஞ்சம் விலத்திக் காட்டும் சேர்" என்றேன். புள்ளி தெருவோரம் நின்றது, பிறகு நிதானமாகக் கடந்தது.

"மச்சான், ஆள் றோட்டைத் தாண்டிட்டா" என்று ரியாஸ் என் காதுக்குள் சொன்னான்.

"வாயை மூடடா."

ஓரிடத்தில் வேகம் எகிறியது. (நாய் துரத்தியதாம்.) போனுக்குள் இருந்து என் குரலே கணீரென்று கேட்டது: "அபாரம். இதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளவும்." கொஞ்சத் தூரம் போனதும் புள்ளி ஒரே இடத்தில் நின்றது. தலை மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்ததாகக் கருவி அறிவித்தது. "மூச்செடுக்கும் முறை மிக நன்று" என்றேன் நான், போனுக்குள்ளிருந்து.

அந்த நேரம் பார்த்துச் சித்தியின் அழைப்பு வந்தது. நான்தான் பெருமைக்கு எல்லாச் சொந்தக்காரருக்கும் புள்ளியைப் பார்க்கும் இணைப்பை அனுப்பிவைத்திருந்தேனே.

"தம்பி, பிள்ளை ஏன் மரக்கறிச் சந்தையிலை நிக்கிறாள்?"

"அது சித்தி, சிக்னல் கொஞ்சம்..."

"நீச்சல் உடுப்போடையோ நிக்கிறாள்?"

நான் ரியாஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"சந்தை முழுக்கத் தெரிஞ்ச சனம். நான் போத்திவிடத் துவாயோடை போறன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. சந்தையில் நிற்பது தர்ஷினி இல்லையென்றால், தர்ஷினி எங்கே? விசில் ஊதியதில் இருந்து நான் ஒரு தரம்கூடக் கடலை நிமிர்ந்து பார்க்கவில்லை. சித்திக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தபடி மணலில் ஓடினேன். சோதனை, கோச், மாமாவின் கடை எல்லாம் மறந்துபோனது. கண்ணுக்கு எட்டிய வரை வெறும் தண்ணீர்.

பிறகு, நாங்கள் முடிவிடம் என்று கொடி நட்டிருந்த இடத்தில் ஒரு நீலத் தொப்பியைக் கண்டேன். தர்ஷினி ஒய்யாரமாக நீந்தி வந்து தரை தட்டி எழுந்தாள். கணுக்கால் தண்ணீரில் சப்பாத்து நனைய நின்ற கோச், நிறுத்தற்கடிகாரத்தை அமுக்கினார். புள்ளி தெருவைக் கடந்ததுமே மனிதர் என்னை விட்டுக் கழன்றிருக்கிறார்.

"அண்ணா, என்ரை நேரம் எவ்வளவு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

என்னிடம் இருந்தது மானின் நேரம்.

கோச்சே அவளுக்கு நேரத்தைக் காட்டினார். "பிள்ளை, மட்டக்களப்புக்கு வந்து எங்கட அணியோடை நீந்திறீங்களோ?" என்று கேட்டார். பிறகு என் தோளில் கையைப் போட்டார். "தம்பி, சாமான் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா எங்கட அணியிலை மான் இல்லை."

சித்தி ஓட்டோவில் வந்து இறங்கினார். சந்தையில் முட்டைக்கோவா இலை தின்றுகொண்டிருந்த மானின் கொம்பில், தான் தைத்த செம்மஞ்சள் துணியைக் கண்டிருக்கிறார். வாழைப்பழத்துக்காகப் பைக்குள் தலையை விட்டபோது மாட்டியிருக்க வேண்டும். ஒரு கையால் இலையைக் காட்டி மறு கையால் பட்டியைக் கழற்றியதாகச் சொன்னார். துவாயைத் தர்ஷினியின் தோளில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்ரை சாமானுக்கு மனிசர் ஆர், மான் எது எண்டு தெரியாதோ?"

"தெரியாது சித்தி" என்றேன். அப்படி ஒரு வசதி வேண்டும் என்று எனக்கும் ரியாஸுக்கும் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை மாமாவின் கடையில் நின்றேன். குழாய் வெட்டினேன், பேச்சும் கேட்டேன். கடைக்கு வந்தவர்களுக்கு மாமா குழாயோடு மான் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். கதை கிண்ணியா வரைக்கும் போய், ரியாஸின் பெரியவாப்பாவின் காதில் விழுந்தது. அவருடைய எருமைகள் போன இடம் தெரியாமல் ஏதாவது குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் படுத்திருக்கும். பின்னேரமானால் அவருக்குத் தேடுவதே வேலை. "மானைக் காட்டிக் குடுத்த சாமான் எருமையைக் காட்டாதா?" என்று கேட்டாராம். தண்ணீரில் பழுதாகாத, தலையில் கட்டும் கருவி நாட்டில் எங்களிடம்தான் இருந்தது.

இப்போது எங்களுக்குப் பிழைப்பு அதுதான். என் பழைய குரலை நீக்க ரியாஸுக்கு இன்றுவரை பஞ்சி; அவ்வளவு சோம்பேறி. குளத்தில் அசையாமல் கிடக்கும் எருமையைப் பற்றி, "கையை இன்னும் நீட்டிப் போடவும்" என்று போன் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மாட்டுக்காரர்கள் அதை எடுக்க வேண்டாம் என்கிறார்கள்.

போன வருடம் எனக்குக் கலியாணம். கார் வழியில் நின்றுபோய், மண்டபத்துக்கு வரப் பிந்திவிட்டது. மாப்பிள்ளை எங்கே என்று பொம்பிளை வீட்டார் பதறியிருக்கிறார்கள். சித்தி பதறவில்லை. மட்டக்களப்பில் இருந்து வந்திருந்த தர்ஷினியைக் கூப்பிட்டு, கையில் ஒரு துவாயைக் கொடுத்திருக்கிறார்.

"மரக்கறிச் சந்தையிலை ஒருக்கால் பாத்திட்டு வா பிள்ளை."