சூப்பர்வைசரின் கால் ஆறிப்போன விவகாரம்

ராஜபாளையம்,
ஞாயிறு, கோயில் விட்டு வந்த மத்தியானம்.

பெருமதிப்பும் அதற்கேற்ற வயிறும் பொருந்திய ஜெபக்குமார் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் எலினா மிகுந்த பணிவோடு (நம்புங்கள்) எழுதிக்கொள்வது. இங்கு அப்பா சுகம், அம்மா சுகம், நான் சுகம். கோழியும் சுகம். இப்போதைய தலைவலியே அதுதான். அங்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும் அத்தையும் தங்கள் செல்போன் கடையும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். செல்போன் கடைக்காரனுக்குப் போய் எவளாவது கடிதம் எழுதுவாளா என்று கேட்பீர்கள். நம்ம கோழி கொக்கரிப்பதைப் பதிவு செய்து அம்மா போனுக்கு ரிங்டோனாக வைத்தேன். அது மௌன ஜெபத்தின் நடுவில் கொக்கரித்துவிட்டது. அன்றிலிருந்து என் போன் பீரோவுக்குள் சிறை.

விஷயத்துக்கு வாரேன். தேர் பார்க்கப் போயிட்டு ஒரு ரோஸ் கலர் கோழிக்குஞ்சு வாங்கியாந்தீங்களே, "ஒரு வாரம் தாங்காது, செத்தா அழக் கூடாது"ன்னு என்கிட்ட சத்தியம்கூட வாங்கினீங்களே, அது சாயம் போயி வெள்ளைக் கோழியாகி, காலையில எந்திரிச்சதும் எல்லார் தட்டையும் எட்டிப் பார்த்து, தெருவையும் ஒரு சுத்து சுத்திட்டு வர்றதால அப்பா அதுக்குச் சூப்பர்வைசர்னு பேரு வச்சாரு. "மில்லுல இருக்கிற ஒன்னு பத்தாதாக்கும்"னு அம்மா கேட்டா. அந்தச் சூப்பர்வைசர் தினமும் சன்ஷேடுல ஏறி சிமெண்ட் தரையில குதிச்சுக் குதிச்சு, போன மாசம் திடீர்னு இடது காலைத் தூக்கிக்கிட்டு நின்னுருச்சு. பிடிச்சுத் திருப்பிப் பார்த்தா உள்ளங்கால்ல கருப்பா ஒரு பொருக்கு, சுத்தி இலந்தைப்பழம் மாதிரி வீக்கம். அப்பா வேலை பாக்கிறது பேண்டேஜ் துணி நெய்யிற மில்லுலங்கிறது உங்களுக்குத் தெரியும். ஊருக்கே கட்டுப் போடுற மனுசனுக்குச் சொந்த வீட்டுல ஒரு கேஸு கிடைச்சா விடுவாரா? கால்ல ஆரம்பிச்சாரு, இறக்கை வரைக்கும் போயிட்டாரு. கடைசியில ஒரு கொண்டையும் ரெண்டு கண்ணும்தான் வெளிய தெரிஞ்சுச்சு.

அப்படியே ஒயர் கூடையில வச்சுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால ஒரு ராஜபாளையம் நாய், ஊசிக்கு வந்தது, குதிரை உசரம். சூப்பர்வைசர் கூடையிலருந்து தலையை நீட்டி அதை ஒரு பார்வை பார்த்துச்சு. நாய் போயி அதோட ஓனர் காலுக்கு நடுவுல உக்காந்துக்கிருச்சு. டாக்டர் அம்மா கட்டை அவுத்துக்கிட்டே, "இது கோழிக்கா சார், யானைக்கா?"ன்னு கேட்டாங்க. உசரத்துலருந்து குதிச்சதுல காயம்பட்டுக் கிருமி பூந்துருக்காம். நீங்களா பிளேடு வச்சுக் கீறக் கூடாது, வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில காலை முக்கி, ஈரம் போகத் துடைச்சு, மருந்து போட்டு, பாதத்துக்கு மட்டும் லேசா கட்டணும், படுக்கிற இடத்தைத் தாழ்வா மாத்தி வைக்கோல் போடணும்னு சொன்னாங்க.

அப்பா ஷேவிங் மக்குல சுடுதண்ணி வச்சு நான்தான் தினமும் முக்குனேன். சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கிட்டுக் கல்யாணப் பொண்ணு மாதிரி காலைக் குடுக்கும். அம்மா பாத்துட்டு, "ஏட்டி, எனக்குக் காலு வலிக்குதுன்னு வருசக்கணக்கா சொல்லுதேன், ஒரு செம்பு சுடுதண்ணி வச்சுத் தந்திருக்கியா?"ன்னா. "நீங்க சன்ஷேடுல இருந்து குதிங்கம்மா, வைக்கேன்"னேன். அதுக்கு வாங்கினதை எழுத மாட்டேன்.

இதுக்கு நடுவுலதான் அம்மா காரியத்தைக் கெடுத்தது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு, கோழிக்குக் கால் குணமானா கோயில் அறுப்பின் பண்டிகைக்கு அந்தக் கோழியையே காணிக்கையா படைக்கிறேன்னு பொருத்தனை பண்ணிருச்சு. ஆபரேஷன் சக்ஸஸ் ஆனா பேஷண்டைக் குடுத்திரணும்னு எந்த ஊர்ல மாமா நேர்ச்சை இருக்கு? அப்பாவே, "வேற எதையாச்சும் நேந்திருக்கலாம்ல, அன்னம்?"னு கேட்டாரு. "வாயில அதான் வந்துச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னதை முழுங்கவா முடியும்?"னு அம்மா. காணிக்கைக் கோழியெல்லாம் ஏலத்துக்குப் போகும், வருசா வருசம் தவசிமுத்து தாத்தாதான் எடுப்பாரு. நல்ல மனுசன்தான். ஆனா அவர் எடுத்த கோழி எதுவும் திங்கட்கிழமையைப் பாத்ததா சரித்திரம் இல்ல.

இப்போ பொருக்கு உதிர்ந்து, வீக்கம் வத்தி, பாதம் பச்சப்பிள்ளை பாதம் மாதிரி இருக்கு. அதனால ஆறின காலுக்கே நான் தினமும் கட்டுப் போடுறேன். கட்டோட நொண்டினா அம்மா பாவப்பட்டுப் பொரிகடலை போடுறதைச் சூப்பர்வைசர் கண்டுபிடிச்சிருச்சு. அம்மா தலை தெரிஞ்சா நொண்டும், மறைஞ்சா ஓடும். சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல. ஆனா சனிக்கிழமை பாஸ்டர் அம்மா கால் ஆறிருச்சான்னு கோழியைப் பாக்க வாராங்க. அவங்க கையில தூக்கிப் பாத்தா எங்க நாடகம் அம்புட்டுதான்.

ஆகையால் மாமா, அடுத்த ஞாயிறு பண்டிகை ஏலத்துக்கு நீங்க வந்தே ஆகணும். முன்வரிசையில நின்னு, தவசிமுத்து தாத்தா வாயைத் திறக்கிறதுக்குள்ள கேட்டு, சூப்பர்வைசரை எடுத்து என்கிட்டயே குடுத்திரணும். பொருத்தனையும் நிறைவேறும், கோழியும் வீடு திரும்பும். வரலைன்னா, சுகருக்கு மாத்திரை போட்டுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுல நீங்க பால்கோவா சாப்பிட்டதை அத்தைக்குத் தனிக் கடிதமா எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவுவார்.

தங்கள் கடைக்குக் கூட்டமும், ஏலத்தில் கூவத் தொண்டைக்குப் பலமும், அந்த வயிற்றுக்குக் கொஞ்சம் அடக்கமும் கர்த்தர் அருளுவாராக. அத்தைக்கு என் ஸ்தோத்திரம்.

கால் தொட்டு (கோழியின் கால்) வணங்கும்,
எலினா

பி.கு.: வர வேண்டாம் மாமா. கவர் ஒட்டப் பசை தேடிப் பின்வாசலுக்குப் போனேன். இன்னைக்குக் கோயிலுக்குப் போற அவசரத்துல காத்தாட அவுத்துவிட்ட கட்டைத் திரும்பப் போட மறந்திருந்தேன். பாத்தா, தண்ணித் தொட்டிக்குப் பின்னால அம்மா, மடியில சூப்பர்வைசர். அப்பா பேண்டேஜ் நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. "நல்லா இறுக்கிச் சுத்துங்க, பாஸ்டர் அம்மா நம்பணும்ல"ன்னு அம்மா சொல்லிக்கிட்டு இருக்கா. என்னையப் பாத்ததும் அப்பா வாயிலருந்து பேண்டேஜ் நுனி நழுவிருச்சு. பொறவு அம்மா, "இன்னும் ஆறலட்டி, பாவம்"னா. "ஆமாம்மா, பாவம்"னேன். "இந்த வருசத்துக்கு ஒரு வாழைத்தாரு குடுப்போம், அது பைய ஆறட்டும்"னாரு அப்பா. ஒரே ஒரு சிக்கல், கட்டை வலது கால்ல போட்டுட்டாக. சூப்பர்வைசர் பழக்கத்துல இடது காலை நொண்டிக்கிட்டே அம்மாகிட்ட போகுது. அம்மா அதுக்கும் பொரிகடலை போடுறா.