பூத்த நாற்றும் பொய்ப் பழியும்

பெட்டூனியாப் பூச்செடியின் நாற்று வாங்கிய கதையை என் வீட்டார் விருந்தினரிடம் சொல்லும்போது, நான் அதில் வெறும் அறிவிலியாகத்தான் வருகிறேன். நடந்தது அதனினும் இழிவானது. ஆகவே உள்ளபடி எழுதிவைப்பது என் கடன்.

குன்னூரில், மே மாத மலர்க்காட்சியை ஒட்டி நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டிக்கு என் துணைவியார் ஆண்டுதோறும் பெயர் கொடுப்பார்; ஒருமுறையும் பரிசு பெற்றதில்லை. இவ்வாண்டு மாசியில் அவருக்கு முழங்கால் அறுவை. நாற்று வாங்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

"ஏனுங்க, குட்டையா, தண்டு தடிச்சதாப் பாருங்க. பூத்திருந்தா வேண்டாமுங்க," என்று சொல்லியனுப்பினார்.

(நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவனுக்குப் பூவைப் பற்றி ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?)

நாற்றுப் பண்ணையில், துணைவியாருக்கு ஆண்டுதோறும் நாற்றுத் தரும் உரிமையாளர் சரசு அம்மையார் மொட்டுகளை நகத்தால் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

"அம்மையீர், இது கொடுமையன்றோ?"

"கிள்ளுனாத்தானுங்க பக்கக் கிளை வரும். இப்பவே பூத்துட்டா மே மாசம் எதைக் காட்டுவீங்க?"

மலரின் மென்மை குறித்துக் கால்மணி நேரம் உரையாற்றினேன்.

"சரிங்கய்யா, குளுருது. வேணுங்கறத எடுத்துக்குங்க."

கிள்ளிய குட்டை நாற்றுகளை ஒதுக்கிவிட்டு, நெட்டையாய்ப் பூத்துக் குலுங்கிய நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். பேருந்தில் அனைவரும் வியந்தனர். வீட்டில் துணைவியார் மட்டும் அவற்றைக் கண்டதும் கண்களை மூடிக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் பூக்கள் உதிர்ந்தன, குச்சிகள் சாய்ந்தன. துணைவியார் கட்டிலில் இருந்தபடி சன்னல் வழியே பார்த்து, "இந்த வருசமும் போச்சுங்க," என்றார். சினந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நேரே பண்ணைக்குச் சென்றேன். நால்வர் முன்னிலையில், "நோயுற்ற நாற்றை விற்று ஏமாற்றினீர்!" என்று முழங்கினேன். பொய்யென்று அறிந்தே முழங்கினேன்.

"வாத்தியாருங்களா?" என்றார் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம்.

சரசு அம்மையார் நான் ஒதுக்கிய அதே நாற்றுகளைத் தட்டில் அடுக்கினார். அவை இப்போது தடித்துக் கிளைத்திருந்தன.

"வீட்டுல அம்மா பாவமுங்க. இதைக் கொண்டு போங்க."

வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேளாமலே பேருந்து ஏறினேன்.

மே மாதம் துணைவியாருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அண்மையில், தம்பி மகளுக்கென நான் புகழ்ந்து கொணர்ந்த மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்து, "இவரும் இப்பவே பூத்துட்டாருங்களா?" என்று வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பண்ணையில் நடந்ததை அவர்கள் அறியார்.

நாற்று வளர்ப்புப் பற்றி நான் எழுதியதில் பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக. என் நடத்தை பற்றிய பகுதியைத் திருத்த வல்லவர் சரசு அம்மையார் ஒருவரே. கேட்டுப் பாருங்கள், நான் சொன்னதில் பாதிகூடச் சொல்லமாட்டார்.