பாலத்துக்கு அடியில் ஒரு பெண் பார்க்கும் படலம்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒரு குடும்பத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற முயன்றிருக்கிறேன். அன்று நான் சும்மா இருந்திருந்தால் அவர்கள் நனையாமலே வந்து சேர்ந்திருப்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஹைதராபாத்தில் மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. செயற்கைக்கோள் அளந்து தந்த உயரங்களை வைத்து, நகரத்தைத் திரைக்குள் ஒரு மாடலாகக் கட்டி, அதன் மேல் மழையைக் கொட்டிப் பார்ப்போம். தண்ணீர் நிற்கும் இடம் சிவப்பாகும், மேடு பச்சையாகவே இருக்கும். (எல்லாம் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டுதான். என் செருப்பு நனைந்ததே கிடையாது.) வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால், இந்த ஊர் ரோட்டையெல்லாம் நானே நின்று போட்டமாதிரி பேசுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தார்நாகாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு முரளி வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முரளியோடு ஏற்கெனவே மூன்று முறை போனில் பேசியிருந்தேன். எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. சிக்கல் அவருடைய அப்பா. வேலூர்க்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று போலாரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். முன்பு பார்த்த ஒரு வரனை, பெண் வீட்டில் காபி வர அரைமணி நேரம் ஆனது என்பதற்காகவே வேண்டாம் என்றவராம். முரளியே எச்சரித்திருந்தார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம்.

மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அப்பாவுக்குப் போன் வந்தது. பாதி வழியில் இருக்கிறார்களாம், வழக்கம்போல மெயின் ரோட்டிலேயே வருகிறார்களாம். நான் பட்டுப்புடவையும் பூவுமாக லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். மாடலில் மெயின் ரோடு செக்கச்செவேல் என்று கிடந்தது. (அன்று அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை என்பது பிறகு தெரிந்தது.) ரயில் தண்டவாளத்தைக் கடந்து வரும் ஒரு குறுக்கு வழி மட்டும் பச்சைப்பசேல். அப்பா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். பெண் பார்ப்பதற்கு முன்பே மாப்பிள்ளையின் அப்பாவிடம் பேசுகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அங்கிள், மெயின் ரோடு வேண்டாம். லெஃப்ட்ல திரும்பி, ரயில்வே பாலத்துக்கு அடியில வாங்க."

"அங்க தண்ணி நிக்குமேம்மா. முப்பது வருஷமா பாத்துனு இருக்கேன்."

"இல்ல அங்கிள், இந்த ஏரியாவுலயே அதுதான் உயரமான இடம். மாடல்ல பார்த்துட்டுதான் சொல்றேன்."

படித்த பெண் சொல்கிறாள் என்று நினைத்தாரோ, உத்தரவுக்குக் கீழ்ப்படியும் பட்டாளத்துப் பழக்கமோ தெரியவில்லை, "சரிம்மா" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். நான் அம்மாவைப் பார்த்துப் பெருமையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பஜ்ஜிக்கு எண்ணெய் வைக்கச் சொன்னேன்.

இருபது நிமிடத்தில் முரளியின் போன்.

"நீங்க சொன்ன உயரமான இடத்துலதான் இருக்கோம். தண்ணி சீட்டுக்கு மேல வந்துடுச்சு."

காரை அங்கேயே விட்டுவிட்டு ஒரு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். ஆட்டோக்காரர் வாசலில் நின்று, "கைக்கு கயே உதர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் அங்கே போனார்கள் என்ற அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

மாப்பிள்ளை, அப்பாவின் கட்டம் போட்ட லுங்கியும் நான் ரத்ததான முகாமில் வாங்கிய டி-ஷர்ட்டுமாக சோபாவில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா என் அம்மாவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு தலை துவட்டிக்கொண்டிருந்தார். முழு அலங்காரத்தில் இருந்தது நான் ஒருத்திதான். யாராவது எட்டிப் பார்த்திருந்தால், நாங்கள்தான் அவர்களைப் பெண் பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். முரளியின் அப்பா மட்டும் மாற்றுத் துணி வேண்டாம் என்று சொட்டச் சொட்ட நாற்காலி நுனியில் விறைப்பாக இருந்தார். காபி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்தது. அவர் தொடவில்லை.

"அந்த மேப்பக் கொஞ்சம் காட்டும்மா."

லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அதன் கண்ணில் பட்டது பாலத்தின் மேல்தளம். அதையே தரை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அடியில் ஒரு ரோடு போகிறது என்பதே என் மாடலில் இல்லை. ரயிலுக்குச் சொல்ல வேண்டிய வழியைக் காருக்குச் சொல்லியிருக்கிறேன்.

செயற்கைக்கோள் கோளாறு, மேகமூட்டம் என்று எதையாவது அடித்துவிட நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் எங்கள் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னுதுதான் அங்கிள். பாலத்தோட மேல்பக்கத்தத் தரைன்னு நினைச்சுட்டேன். நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

முரளி கண்ணை மூடிக்கொண்டார். அம்மா பஜ்ஜித் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தரையைப் பார்த்தேன்.

"பட்டாளத்துல மேப்பப் பாத்துனு எங்கள எத்தினியோ தடவ சேத்துல எறக்கியிருக்கானுங்க," என்றார் அவர். "ஒருத்தன்கூடத் தப்பு என்னுதுன்னு சொன்னதில்ல."

பிறகு ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பஜ்ஜி வாழைக்காயா வெங்காயமா என்று விசாரித்தார். நான் சமையலறைக்கு ஓடிப்போய் அழுதேன். (கேட்டவர்களிடம் எண்ணெய்ப் புகை என்று சொல்லிவைத்தேன்.) கல்யாணம் தை மாதம் நடந்தது.

இப்போது ஆறு வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் வெளியே கிளம்பும்போதெல்லாம் மாமா என்னைக் கூப்பிட்டு, எந்த வழியாகப் போகட்டும் என்று மரியாதையாகக் கேட்பார். நான் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, நேர் எதிர் வழியில் போவார். இதுவரை ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. மருமகளைக் கேட்காமல் நான் வண்டியை எடுப்பதே இல்லை என்று சொந்தக்காரர்களிடம் பெருமை வேறு.

போன வருடம் ஊரில் உள்ள பாலங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்து, மாடலைத் திருத்தி முடித்தேன். இனிமேல் நான் சொல்லும் வழியிலேயே தைரியமாகப் போகலாம் மாமா என்று ஓடிப்போய்ச் சொன்னேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

"ஏம்மா சரி பண்ண? நல்லாத்தான வேல செஞ்சினு இருந்துது?"