ரிஜெக்ட் சார் பாஸ் பண்ணின நாய்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்ததும் ஓய்வெடுக்கப் போகாமல், அதை நேராக எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து ரிஜெக்ட் சாரிடம் காட்டியிருந்தால் இன்றைக்கு நீங்களும் இல்லை, நானும் இல்லை. "ஃபினிஷிங் சரியில்ல, திருப்பி எடுத்துகினு போங்க" என்று அனுப்பிவிட்டிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கராக இருந்து ரிடையர் ஆனவர். தைத்து வரும் ஷூவை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுவது வேலை. கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியதே தவிர, ஸ்டிக்கரை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஷீட் வைத்திருப்பார். எங்கள் காம்பவுண்டுச் சுவர் விரிசலில் ஒரு அம்புக்குறி. சர்ச் நோட்டீஸ் போர்டில் எழுத்துப் பிழைக்கு ஒன்று. ஒரு கல்யாணத்தில் கைகுலுக்குகிற சாக்கில் மாப்பிள்ளையின் கோட்டில், தோள் தையலுக்கு நேராக ஒன்று ஒட்டிவிட்டு வந்தார். அந்தப் பையன் எல்லா போட்டோவிலும் அந்த அம்புக்குறியோடுதான் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் பெங்களூரில். நிஜப் பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டர் போடுகிற ஆளே "ரிஜெக்ட் சார் வீட்ல ஆள் இருக்காங்களா?" என்றுதான் கேட்பான். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

இந்த மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளை பாஸ் பண்ணினார். அது ஒரு நாய்.

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் குட்டியாகக் கிடந்ததாம். காதைப் பார்த்தாராம், பல்லைப் பார்த்தாராம், வாலைத் தூக்கிப் பார்த்தாராம். குறையே இல்லையாம். வீட்டுக்குத் தூக்கி வந்து 'எக்ஸ்போர்ட்' என்று பெயர் வைத்தார். நான் பார்த்தவரை அது செம்மண் நிறத்தில், ஒரு காது தூக்கி ஒரு காது தொங்கி, எல்லாத் தெருவிலும் இருக்கிற நாய்தான். ஆனால் அவர் "எக்ஸ்போர்ட்... எக்ஸ்போர்ட்..." என்று கூப்பிட்டுக்கொண்டு போனால், ஏதோ கப்பல் கிளம்பப்போகிற மாதிரி இருக்கும்.

அந்த நாய் வீட்டில் இருந்து யாரும் பார்த்ததில்லை. காலையில் ரயில்வே கேட்டில் இருக்கும், மத்தியானம் மார்க்கெட்டில் இருக்கும், சாயங்காலம் எங்கள் சுவர்மேல் இருக்கும். ஊர் முழுக்க பிரியாணிக் கடை. கடைக்குக் கடை எலும்பு கொட்டிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட ஆம்பூரில் பிறந்த நாய்க்கு என் கோழிதான் வேண்டுமாம்.

என் கோழிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ரயிலில் போய் வருகிறவள். ஒடுகத்தூரிலிருந்து வேலைக்கு வரும் ஒரு அம்மா, நல்ல நாட்டுக் கோழியாகப் பார்த்து கூடையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய பெட்டைக்கு மேட்ரன் என்று பெயர் வைத்தேன். மற்ற கோழிகள் உட்கார்ந்தால் அதற்குப் பொறுக்காது, கொத்தி எழுப்பிவிடும். சேவலுக்கு டியூட்டி டாக்டர். தாமதமாக வந்து, சத்தம் போட்டு, உடனே போய்விடும்.

முதல் கோழி காணாமல் போன அன்று இறகு எங்கள் கொல்லையில் ஆரம்பித்து, சுவர் ஏறி, ரிஜெக்ட் சார் வாசலில் போய் முடிந்தது. எக்ஸ்போர்ட் அங்கே படுத்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. மீசையில் ஒரு வெள்ளை இறகு.

"சார், உங்க நாய் என் கோழியைத் தின்னுடுச்சு."

உள்ளே போய் பூதக்கண்ணாடியோடு வந்தார். வாசலில் கிடந்த இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நாய்க் கடி இல்ல சிஸ்டர். நாய் கடிச்சா ஓரம் பிசிறு அடிக்கும். இது கிளீன் கட். பூனை."

"மீசையில இறகு இருக்கு சார்!"

"காத்துல வந்து ஒட்டிக்கிச்சு."

அதோடு விட்டாரா? எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டார். கோழிக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலை தளர்ந்த இடத்தில் ஒரு அம்புக்குறி, தாழ்ப்பாள் ஆடுகிற இடத்தில் ஒன்று, பலகை இடுக்கில் ஒன்று. கூண்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. "பேக்கிங்கை நீங்க இப்டி வெச்சிக்கினு, டேமேஜ் ஆய்டுச்சுன்னு அடுத்தவன் மேல சொன்னா எப்டி சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். நானும் கொடுத்தேன்.

என் கணவர் சாமுவேல் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சண்டை என்றாலே அவருக்கு ரத்த அழுத்தம் கம்மியாகிவிடும். "நாயைக் கட்டிப் போடச் சொல்லு. அவ்ளோதானே" என்றார். சொன்னேன். ரிஜெக்ட் சார் உடனே ஒத்துக்கொண்டதில் எனக்கே ஆச்சரியம்.

"தாராளமா கட்றேன் சிஸ்டர். கழுத்துக்குப் பெல்ட்டு?"

நான் கடையில் நல்லதாக ஒரு கழுத்துப் பட்டை வாங்கிக் கொடுத்தேன். மடித்துப் பார்த்தார், நகத்தால் கீறினார், மூக்கில் வைத்து முகர்ந்தார். "மேல் தோல் உரியும். ரிஜெக்ட்." அடுத்து வேறு கடையில் வாங்கினேன். "தையல் ஒரு பக்கம் நெருக்கமா இருக்கு, ஒரு பக்கம் தூரமா இருக்கு." சாமுவேல் தெரிந்த தொழிலாளியிடம் சொல்லித் தனியாகவே செய்து கொண்டுவந்தார். அதைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார் மனுஷன். "சாயம் போவுது பாருங்க. இதைக் கட்டினா கழுத்துல புண்ணு வரும். நீங்க நர்ஸு, உங்களுக்கே தெரியும்."

உலகத்தில் பாதிப் பேர் காலுக்கு எங்கள் ஊர்தான் செருப்பு அனுப்புகிறது. காற்றடித்தால் தோல் வாசனைதான் வருகிறது. அந்த ஊரில் ஒரு நாயின் கழுத்துக்குப் பட்டை கிடைக்கவில்லை! பொறுக்க முடியாமல் ஒருநாள், "நைலான் கயித்துல கட்டுங்க சார்" என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஆம்பூர்ல இருந்துகினு, நைலானா?"

கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாதம் இன்னொரு கோழி போனது. நான் சுவர்மேல் மிளகாய்த் தூள் தூவினேன். மறுநாள் காலை எக்ஸ்போர்ட்டைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ரிஜெக்ட் சார் வாசலில் நிற்கிறார். "விடாம தும்முது சிஸ்டர். ஏதோ அலர்ஜி போல. கொஞ்சம் பாருங்களேன்." என் கோழிகளைத் தின்ற நாயின் மூக்கை, நானே உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டேன். சாமுவேல் சமையலறையில் துண்டை வாயில் வைத்துச் சிரித்தது எனக்குக் கேட்டது. இதைவிட ஒரு கேவலம் வேண்டுமா?

தெருவில் சிலர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள். "ஜாஸ்தி யோசிக்காதீங்க சிஸ்டர். கறித்துண்டுல மருந்து வெச்சிட்டா வேலை முடிஞ்சிது." எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நான் கேட்டது நியாயம், பிணம் இல்லை. வேண்டாம் என்று திட்டி அனுப்பினேன். ஆனால் யாராவது செய்துவிடுவார்களோ என்ற பயமும் ஒட்டிக்கொண்டது. கோழியையும் காக்கவேண்டும், கோழியைத் தின்கிற நாயையும் காக்கவேண்டும். இந்தப் பேஜாருக்கெல்லாம் காரணமானவர் ஈசி சேரில் உட்கார்ந்து பேப்பரில் அச்சுப் பிழைக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு மேட்ரன் அடைகாத்துக் குஞ்சு பொரித்தாள். மஞ்சளும் கறுப்புமாக, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச் முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. ஓடினேன்.

கூண்டுக் கதவு சாய்ந்து கிடக்கிறது. குஞ்சுகள் சாக்கடையில் சிதறிக் கத்துகின்றன. ஒன்றிரண்டு கத்தவும் இல்லை. மேட்ரன் இறக்கையை விரித்து எக்ஸ்போர்ட்டின் முகத்தில் பாய்ந்து பாய்ந்து கொத்துகிறாள். அவள் பின்பக்கத்தில் இறகே இல்லை. நாயின் மூக்கில் ரத்தம். அது அவளை விட்டுவிட்டு டியூட்டி டாக்டரைக் கவ்விக்கொண்டு தெருவில் இறங்கியது. நான் பட்டுப் புடவையோடு குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நாய் வேறெங்கும் போகவில்லை. நேராக அதன் எஜமானின் காலடிக்குப் போய், சேவலைக் கீழே வைத்துவிட்டு, வாலை ஆட்டியது.

ரிஜெக்ட் சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப இன்னா சொல்றீங்க சார்?" எனக்கு மூச்சு வாங்கியது. "பூனையா? காத்துல வந்து ஒட்டிக்கிச்சா? பூதக்கண்ணாடி எடுத்தாரட்டுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சேவலைப் பார்த்தார். சாக்கடையோரம் மேட்ரன் தன் குஞ்சுகளைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரைப் பிரித்து, எக்ஸ்போர்ட்டின் நெற்றியில் ஒட்டினார்.

தெருவில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மறுநாளே ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. ஆலங்காயத்தில் அவர் மச்சானுக்கு மாந்தோப்பு இருக்கிறது. நாய் அங்கே போனது. டியூட்டி டாக்டருக்குக் காயத்தில் நானே மருந்து போட்டேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் அதிர்ச்சியில் அதற்குக் காலையும் மாலையும் குழம்பிப்போய், நடு மத்தியானத்தில் கூவ ஆரம்பித்தது. பரவாயில்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் வந்தது வினை. நாய் இல்லாத ரிஜெக்ட் சாருக்குப் பொழுது போகவில்லை. காலையில் நான் காபி போடுவதற்குள் எங்கள் கொல்லையில் வந்து நிற்பார். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து போன் லைட்டில் பிடித்துப் பார்ப்பார். "ஷேப் சரியில்ல." "ஓடு மெலிசா இருக்கு, தீனியில கால்சியம் கம்மி." நான் ஆம்லெட் போட எடுக்கிற முட்டையிலெல்லாம் சிவப்பு அம்புக்குறி. குஞ்சுகளுக்கு அரிசி நொய் வாங்கிவந்து தூவினார், அந்த நொய்யையும் முறத்தில் போட்டுப் பார்த்து, பாதியை ரிஜெக்ட் பண்ணிவிட்டு. மேட்ரனுக்கு மட்டும் அவர்மேல் இரக்கமே இல்லை. தினமும் கணுக்காலில் கொத்துவாள். அவர் நகரமாட்டார்.

ஒருநாள் கேட்டேன். "சார், எக்ஸ்போர்ட் எப்டி இருக்குதாம்?"

"சாப்புட மாட்டேங்குதாம்." முட்டையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "மச்சான் போன்ல சொன்னான். ரெண்டு நாளா தோப்பு கேட்டாண்டையே படுத்துக்கினு இருக்குதாம்."

அந்த முட்டையில் அவர் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. சும்மா கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் சாமுவேலை எழுப்பினேன். "எழுந்திருங்க, ஆலங்காயம் போகணும்." அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இரக்கப்பட்டுப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷன் என் கொல்லையை விட்டு ஒழியவேண்டும், அவ்வளவுதான். மாந்தோப்பில் எக்ஸ்போர்ட் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையை நக்கியது. கோழி வாசனைக்குத்தான் என்று சாமுவேலிடம் சொன்னேன்.

வாசலில் வண்டி நின்றதும் ரிஜெக்ட் சார் வெளியே வந்தார். நாய் அவர்மேல் ஏறி விழுந்து முகமெல்லாம் நக்கியது.

"சார், கட்டிப் போடறதா இருந்தாதான் இறக்குவேன்" என்றேன், நாய் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தாலும்.

அவர் தன் இடுப்பு பெல்ட்டைச் சர்ரென்று உருவினார். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை நாயின் கழுத்தில் மாட்டினார்.

"இதுவும் ரிஜெக்ட் பீஸுதான் சிஸ்டர். பக்கிள் கோணல். நானே தள்ளிவிட்டது. அப்புறம் இன்னாவோ, தூக்கிப் போட மனசு வரல, நானே வாங்கிக்கினேன்." கொஞ்சம் நிறுத்தி, "இத்தினி வருஷம் நல்லாத்தான் இருந்துது" என்றார்.

அதற்குப் பிறகு நாய் கட்டிப் போட்டபடிதான் இருந்தது. அவரைப் பேண்ட்டில் யாரும் பார்க்கவில்லை, வேட்டிதான். என் கோழிகள் சுவரோரம் மேய்ந்தன. எக்ஸ்போர்ட் படுத்தபடியே பார்த்து எச்சில் விட்டுக்கொண்டிருக்கும். திருந்திவிட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன்.

போன வருஷம் அவர் மகள் வந்து இரண்டு பேரையும் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டில் இப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. நாய் இல்லை, சத்தம் இல்லை, பார்த்தால் சிரிக்கிறார்கள். கொடுத்த முட்டையை நல்லா இருக்கு சிஸ்டர் என்று சொல்லி அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், ஒரு தடவை திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவர்களோடெல்லாம் எப்படித்தான் காலம் தள்ளுவது?