முங்காத ஐஸ்

அருவியில் குளித்துவிட்டுப் பல் கிடுகிடுக்க, துண்டைப் போர்த்திக்கொண்டு வருகிறவனிடம் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை விற்றுவிட முடியும் என்று நம்பிய ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் சர்பத் அண்ணாச்சிதான். குற்றாலத்தில் அவர் கடைக்கு இந்தப் பக்கம் மிளகாய் பஜ்ஜி, அந்தப் பக்கம் சுக்குக் காப்பி. நடுவில் இவர், "உள்ளயும் குளுந்தாத்தாம்ல குளிச்ச மாதிரி!" என்று அதட்டுவார். சிலர் பயந்துபோய் வாங்கிக் குடிப்பார்கள்.

தென்காசியில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரியில் படித்தது இயற்பியல். ஆகவே அந்த வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, சாரல் நின்றாலும் சரி, காரணம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், செல்வி. தாயில்லாத பெண். கடைக்கு ஐஸ் கொண்டுவரும் முருகன் அவளைப் பெண் கேட்டான். சுரண்டைப் பையன், சொந்தமாக வேன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. செல்விக்கும் சம்மதம். அண்ணாச்சி ஒரேயடியாக மறுத்தார்.

"மிதக்குத ஐஸ விக்குதவனுக்கு எம் மவளத் தர மாட்டேன்."

"ஐஸ்னா மிதக்கத்தான செய்யும் அண்ணாச்சி?"

"ஏலே, தேங்கா எண்ணெ உறைஞ்சா அடியில கெடக்கு. நெய்யி உறைஞ்சா அடியில கெடக்கு. தண்ணி மட்டும் என்ன பெரிய எடத்துப் பிள்ளையா? காத்த அடைச்சி விக்கான்லே! இன்னைக்கு ஐஸுல ஏமாத்துதவன் நாளைக்கு என்ன செய்ய மாட்டான்?"

எண்ணெயைப் பற்றி அவர் சொன்னது முழு உண்மை என்பதுதான் என் சங்கடம். இதில் தண்ணீர்தான் விதிவிலக்கு. நான் பொறுமையாகத் தொடங்கினேன்.

"தண்ணியா இருக்கும்போது அதோட துகள்லாம், மெயின் அருவிக்கு அடியில நிக்குத கூட்டம் மாதிரி இடிச்சுக்கிட்டு நிக்கும் அண்ணாச்சி. உறையும்போது ஒவ்வொண்ணும் சுத்தி நாலு பேரோட கை கோத்து, விலகி நின்னுக்கிடும். நடுவுல சந்து விழும். அதே ஆளு, அதே எடை, ஆனா எடம் கூட வேணும். அதான் மிதக்கு."

"ஆளுக்கு நாலு கையா? இதுக்கால ஒங்கப்பன் வெயில்ல காஞ்சு ஒன்னியப் படிக்க வச்சான்?"

"அப்ப நீங்களே உறைய வச்சுப் பாருங்க."

வைத்தார். உள்ளிருக்கும் காற்று போகட்டும் என்று தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து ஆறவிட்டார். பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மட்டத்துக்கு நேராகப் பேனாவால் கோடு போட்டார். தராசில் வைத்து எடை பார்த்தார். ஃப்ரீசரில் வைத்து, ஃப்ரிட்ஜைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். மறுநாள் காலையில் அவர் எழுந்து வரும்வரை காப்பிக்குப் பால் எடுக்கக்கூட வழியில்லை.

திறந்தபோது ஐஸ் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது.

"ஏட்டி செல்வி! யாரு தண்ணி ஊத்துனா?"

"சாவி ஒங்க இடுப்புலதான இருக்கு? வேணும்னா அதையும் எடை போட்டுப் பாருங்க."

டப்பாவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து எடை போட்டார். நேற்றைய எடையேதான். ஐஸைத் தட்டி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. விரலால் அமுக்கினார்; மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினார். தன் கையால் செய்த ஐஸே இப்படிப் பண்ணும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப, அந்தப் பயகிட்ட வேற கொறையே இல்லயால?" குரல் இறங்கியிருந்தது.

"இல்ல அண்ணாச்சி."

"நல்லாத் தேடிப் பாத்தியா?"

மகளைப் பிரிய மனம் வராத மனிதருக்குக் கையிலிருந்த கடைசிக் காரணமும் வாளியில் மிதந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. செல்விக்கு முன்பே தெரியும்போல. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சுரண்டை என்ன சீமையிலயாப்பா இருக்கு? பஸ்ஸு இருக்குல்லா?"

அண்ணாச்சி வாளியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும், கொட்டுகிற மழையில், ஐஸ் சர்பத்.

சுரண்டை பஸ்ஸில் மடியில் தூக்குவாளியோடு ஒருவர், ஐஸ் ஏன் மிதக்கிறது என்பதைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரை மடக்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஒத்துக்கொள்ளுங்கள். மகளைப் பார்க்கப் போகிறார்.